பட்டம் கேட்காத ஊர், பட்டம் கேட்கிறது!



புரோகிராமர் ஆவதற்குக் கணினி அறிவியல் பட்டம் கட்டாயமாம். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள். பினாங்கு மண்ணில் நின்று சொல்லாதீர்கள்!

1972இல் இண்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பாயான் லெப்பாசில் திறந்தது. வேலைக்கு வந்து நின்றவர்கள் யார்? கம்பத்துப் பெண்பிள்ளைகள்! இடைநிலைப்பள்ளியோடு நின்றவர்கள் எத்தனையோ பேர்! மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் இணைத்தார்கள். யார் பட்டம் கேட்டார்? கற்றுக்கொடுத்தார்கள், கற்றுக்கொண்டார்கள். 1989இல் ஆலைகளே முன்னின்று பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தையும் எழுப்பின. அப்படி ஆளை உருவாக்கிய ஊரில் இன்று சின்னதாய் ஓர் இணையதளம் கட்டுவதற்குக்கூட ‘இளங்கலைப் பட்டம் அவசியம்’ என்று விளம்பரம்!

2011 டிசம்பர் நினைவிருக்கிறதா? கணினித் தொழிலைப் பதிவுக்கும் வாரியத்துக்கும் உட்படுத்தும் மசோதா ஒன்றின் வரைவு, அறிவியல் அமைச்சிலிருந்து வெளியே வந்தது. நாட்டின் முக்கியத் தகவல் கட்டமைப்புக்கு மட்டும்தான் என்று சமாதானம் சொன்னார்கள். புரோகிராமர்கள் கொதித்தார்கள். மசோதா சட்டமாகவில்லை. ஆனால் அரசாங்கத்தால் முடியாத காரியத்தை மனிதவள அதிகாரி சத்தமில்லாமல் முடித்துக்கொண்டிருக்கிறார்: பட்டம் இல்லையா, விண்ணப்பம் குப்பைக்கு!

‘பட்டம் இல்லாத டாக்டரிடம் போவாயா?’ என்று மடக்குவார்கள். போகமாட்டேன். டாக்டரின் கையை என் வயிற்றில் சோதித்துப் பார்க்க முடியாது, ஐயா! புரோகிராமர் எழுதியதை வேலைக்கு எடுக்குமுன்பே ஓட்டிப் பார்க்கலாம், உடைத்துப் பார்க்கலாம், நாலு கேள்வி கேட்கலாம். கண்ணெதிரே இருக்கும் வேலையைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்ப்பது சோம்பேறித்தனம்!

நம் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினாரே, தமிழைக் கணினியில் ஏற்றும் கலைக்கு அன்று எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது?

தம்பி, அவசரப்பட்டுக் கைதட்டாதே. உனக்கும் இருக்கிறது! பாரிசில் 2013இல் தொடங்கி கோலாலம்பூர்வரை வந்த ‘42’ பள்ளியில் கட்டணம் இல்லை, ஆசிரியர் இல்லை, பட்டமும் கேட்பதில்லை. ஆனால் உள்ளே நுழையவே நாலு வாரத் தேர்வில் விழுந்து எழ வேண்டும். மூன்று மாதம் யூடியூப் பார்த்துவிட்டு நானும் புரோகிராமர் என்று நெஞ்சை நிமிர்த்தாதே. அல்காரிதம், தரவுத்தளம், இயங்குதளம் எல்லாம் பட்டம் வாங்காதவனுக்கும் தேவை. சில்லு வடிவமைப்பா, கம்பைலரா? அதன் கணக்கைக் கற்கப் பல்கலைக்கழகம்தான் நல்ல இடம். இடம் கிடைத்தால் ஓடிப்போய்ச் சேர்.

ஆனால் பள்ளியில் எஸ்.பி.எம். தேர்வு முடித்ததும் குடும்பச் சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்ட பிள்ளை? கல்விக் கடனுக்கு அஞ்சி நின்ற பிள்ளை? இரவெல்லாம் விழித்துப் படித்த அந்தப் பிள்ளைக்கு நேர்முகத்தின் கதவையே சாத்துகிறீர்களே!

முதலாளிமாரே, சலுகை கேட்கவில்லை. உங்கள் விளம்பரத்தில் பட்டம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘அல்லது செய்துகாட்டிய வேலை’ என்று சேருங்கள். ஒரு பிரச்சினையைக் கொடுங்கள், ஒரு கணினியைக் கொடுங்கள், ஒரு நாள் கொடுங்கள். தேறாதவனைத் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள்!