750க்கு 282

(திண்டிவனத்தில் இரவுப் பாடசாலைத் தோழர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவாங்க. இன்னைக்குப் பரீட்சையைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் கல்வியாளன் இல்லை. பேங்க் கிளார்க். காலையில திண்டிவனத்தில் ரயிலேறி விழுப்புரத்தில் இறங்கி, நாளெல்லாம் அடுத்தவங்க பணத்தை எண்ணிட்டுத் திரும்பறவன். அதனால என் வீட்டிலிருந்தே தொடங்கறேன்.

என் மகள் ஏழாவது படிக்கிறாள். அரையாண்டுக் கணக்குப் பரீட்சை அன்று காலையில் வாந்தி எடுத்தாள். வயித்து வலி என்றாள். நடிக்கிறாள் என்று நினைத்து அனுப்பிவிட்டேன். நூற்றுக்கு 31 வாங்கி வந்தாள். அன்று நான் கத்திய கத்தல் தெருமுனை வரை கேட்டிருக்கும். "உங்க தாத்தா பண்ணையில மாடு மேய்ச்சாரு. உங்க ஆயா நடவு நட்டு என்னைப் படிக்க வெச்சா. உனக்கு என்னடி கொறைச்சல்?" அவள் வாயே திறக்கவில்லை. ராத்திரி அவங்க அம்மாகிட்ட கேட்டிருக்கிறாள்: "நான் ஃபெயிலாயிட்டா நாம திரும்பக் காலனிக்கே போயிடணுமாம்மா?"

யோசிச்சுப் பாருங்க. பன்னிரண்டு வயசுப் பிள்ளை. அது தலையில் நான் ஏத்தி வெச்சது கணக்குப் பாடமில்லை, மூன்று தலைமுறைப் பாரம். சாதி இந்து வீட்டுப் பிள்ளை தோற்றால் அந்த ஒரு பிள்ளைதான் தோற்கிறது. நம்ம பிள்ளை தோற்றால், 'கோட்டாவில வர்றதுங்க இப்படித்தான்' என்று சொல்ல ஒரு கூட்டமே காத்திருக்கிறது. அந்தப் பயம் பிள்ளையை விட நமக்குத்தான் அதிகம். அதைத் திட்டாகவும் அடியாகவும் மாற்றிப் பிள்ளை மேல் இறக்கிவைக்கிறோம். வெளியே சாதி நம்மிடம் தகுதி கேட்கிறது. வீட்டுக்குள்ளே நாமும் அதே குரலில் கேட்கிறோம்.

1907இல் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஒரு மாணவர் மெட்ரிக் தேறினார். வாங்கியது 750க்கு 282. நூற்றுக்கு முப்பத்தெட்டு கூட இல்லை. அவர்தான் நம்ம பாபாசாகேப். அவரைப் பாராட்ட ஒரு கூட்டம் போட்டார்கள். எஸ். கே. போலே தலைமை தாங்கினார். கேலுஸ்கர் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். மீதி 468 மார்க் எங்கே போச்சுன்னு கேக்கக் கூடின கூட்டமில்லை அது. எதையெல்லாம் தாண்டி அந்தப் பையன் அங்கே வந்து சேர்ந்தான் என்று தெரிந்தவர்களின் கூட்டம். நம்ம வீடு அப்படி ஒரு கூட்டமாக இருக்கிறதா?

மார்க் வந்துவிட்டால் கதவு திறந்துவிடும் என்றும் இல்லை. அரியலூர் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176. நீட்டில் 720க்கு 86. 2017இல் அவரை இழந்தோம். அடுத்த வருஷமே நம்ம செஞ்சிப் பக்கம் பெருவளூர் பிரதீபா. பிளஸ் டூவில் 1125, நீட்டில் 39. அந்தப் பிள்ளைகளுக்கு அறிவு குறைந்துபோச்சா? படித்த பாடத்திட்டம் ஒன்று, கேட்ட பரீட்சை இன்னொன்று. கோச்சிங்குக்குக் கொட்ட அந்த வீடுகளில் பணமில்லை. தராசு யார் கையில் என்பதையும் சேர்த்துத்தான் மார்க் காட்டுகிறது.

இங்கே நம்மையும் கொஞ்சம் விமர்சனம் செய்துகொள்ள வேண்டும். அந்தப் பிள்ளைகளின் படத்தைப் போட்டுப் போஸ்டர் ஒட்டினோம். 'தியாகி' என்று எழுதினோம். நம்ம கோபம் நியாயமானது, அந்தச் சண்டை தொடரணும். ஆனால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற ஒரு பெண் அந்தப் போஸ்டரைப் பார்க்கிறாள். செத்தால்தான் ஊர் நம்ம பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தோன்றிவிடக் கூடாது. நமக்குத் தியாகிகள் வேண்டாம் தோழர்களே. உயிரோடு நின்று சண்டை போடுகிற பிள்ளைகள் வேண்டும்.

அப்போ என்ன செய்யலாம்? பரீட்சைக்கு முன்னால் வயித்து வலி, வாந்தி, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் நடிப்பு என்று சொல்லாதீங்க. பயம் உடம்பு வழியாப் பேசுது. என்ன பயம்னு கேளுங்க. பழைய கேள்வித்தாளைக் கொடுத்து, கடிகாரத்தை வைத்து, இரவுப் பாடசாலையிலேயே எழுதிப் பழக வையுங்க. தெரிஞ்ச கேள்வியை முதலில் எழுதச் சொல்லுங்க. முந்தின ராத்திரி படிப்பை விடத் தூக்கம் முக்கியம். பக்கத்து வீட்டுப் பிள்ளை மார்க்கை நம்ம வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க.

ரிசல்ட் அன்று பிள்ளையைத் தனியா விடாதீங்க. முதல்ல சோறு. மார்க் பேச்சு ரெண்டு நாள் கழிச்சு. மறுகூட்டல் இருக்கிறது, துணைத்தேர்வு இருக்கிறது, ஐடிஐ, பாலிடெக்னிக் இருக்கிறது. இதையெல்லாம் விசாரித்து வைப்பது நம்ம வேலை. 'இருந்து என்ன பிரயோஜனம்' என்று ஒரு பிள்ளை சொன்னால் விளையாட்டாக எடுக்காதீங்க. கூடவே இருங்க, மனசில என்ன இருக்குன்னு நேராவே கேளுங்க. 14416க்கோ 104க்கோ போன் பண்ணுங்க. செலவில்லை. ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள்.

நானும் பிளஸ் டூ கணக்கில் ஃபெயிலானவன்தான். பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து ரிசல்ட் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் இருட்டும் வரை ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். எங்கம்மா தேடி வந்தது. "நாத்து காஞ்சிப்போனா நெலத்தையாடா வுட்டுட்டுப் போயிடறோம்? மறுபடி வெத வுடு. வா, சோறு துன்னு." அவ்வளவுதான் சொன்னது. அந்த அம்மாவின் உழைப்பைச் சொல்லித்தான் நான் என் மகளைக் குத்தினேன். அம்மா சொன்னதை மறந்துட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் காலனிக்குக் கூட்டிப் போனேன். "காலனி தண்டனை இல்லம்மா. அதுதான் நம்ம ஊரு. நான் படிச்சது அங்கிருந்து ஓடிப்போக இல்லை" என்றேன். எங்கம்மா மார்க் கேட்கவில்லை. "எளைச்சிப் போயிட்டியேடி" என்றது. அப்புறம் நானும் மகளும் அந்தக் கேள்வித்தாளை எடுத்துவைத்து உட்கார்ந்தோம். பின்னக் கணக்கில்தான் தடுக்கி விழுந்திருக்கிறாள். இப்போ 46 வாங்கியிருக்கிறாள். வாந்தி நின்றுவிட்டது. எனக்கு அதுதான் பெரிய மார்க்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த ரிசல்ட் அன்று சாயந்திரம், ஒவ்வொரு காலனியிலும் நம்ம தோழர்கள் ரெண்டு பேர் வீடு வீடாகப் போகணும். ஜெயித்த பிள்ளைக்குச் சால்வை போட மறுநாள் போகலாம். முதலில் தோற்ற பிள்ளையின் வாசலுக்குப் போங்க.

ஜெய்பீம்.