யாருக்கு வேலையில்லை?

(ஆனைமலையில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



கூப்பிட்ட தோழர் 'கவிஞர்' என்று சொல்லித்தான் கூப்பிட்டார். வந்த பிறகுதான் தலைப்பு வேலையின்மை என்று தெரிந்தது. பேங்க்ல உட்கார்ந்து கணக்கு எழுதறவன், நம்பர் பத்திப் பேசுவான்னு நெனச்சிருப்பார். பேசுகிறேன். ஆனா அந்த நம்பர்களை உண்டாக்குகிற கைகளில் ஒரு கை என்னுடையது. அதனால கொஞ்சம் சந்தேகத்தோடதான் பேச முடியும்.

முதலில் அந்தச் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். 2017-18ஆம் ஆண்டுக்கான தொழிலாளர் கணக்கெடுப்பை மத்திய அரசு வெளியிடாமல் வைத்திருந்தது. 2019 ஜனவரியில், தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் பதவி விலகினார்கள். உடனேயே அறிக்கை பத்திரிகையில் கசிந்தது. வேலையின்மை 6.1 சதவீதம், 45 ஆண்டுகளில் இல்லாத உயரம் என்று செய்தி. நோட்டுச் செல்லாமல் போனதும் ஜி.எஸ்.டி.யும்தான் காரணம் என்றன எதிர்க்கட்சிகள். அது வெறும் வரைவு என்றது நிதி ஆயோக். தேர்தல் முடிந்து புது அமைச்சரவை மே 30இல் பதவியேற்றது. மறுநாள் அதே 6.1 அதிகாரபூர்வமாக வந்தது. கூடவே ஒரு விளக்கம்: கணக்கெடுக்கும் முறை மாறிவிட்டது, பழைய எண்ணோடு இதை ஒப்பிடக்கூடாது.

எண்ணை மறைக்கிறார்கள் என்று அப்போது நாமும் சத்தம் போட்டோம். சரியான சத்தம்தான். ஆனால் இன்னொன்றையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும். 2009-10 கணக்கெடுப்பு, ஐந்து வருசத்தில் வேலை சொல்லிக்கொள்ளும்படி பெருகவில்லை என்று காட்டியபோது காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. அவர்கள் என்ன செய்தார்கள்? அது வறட்சி வருசம், அதை வைத்து முடிவு செய்யக்கூடாது என்று சொல்லி 2011-12இல் மறுபடியும் கணக்கெடுக்க வைத்தார்கள். அந்தக் கணக்கில் வேலையின்மை 2.2 சதவீதம். பிறகு 6.1 வந்தது. 2022-23இலும் 2023-24இலும் 3.2க்கு இறங்கியது. ஏறினால் முந்தைய ஆட்சியின் பாவம், இறங்கினால் நம் ஆட்சியின் புண்ணியம். நாற்காலி மாறியதும் வசனத்தையும் மாற்றிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, 6.1 எப்படி 3.2 ஆச்சு? நாட்டில் பாதிப் பேருக்கு வேலை கிடைத்துவிட்டதா? இங்கதான் நாம நின்னு பாக்கணும்.

என் சித்தி மகன் ஒருத்தன் பி.காம். முடிச்சுட்டு மூணு வருசமா குரூப் 4க்குப் படிக்கிறான். கையில் காசு தீர்ந்தால் நார் மில்லுக்கு லோடு ஏத்தப் போவான். வருசத்தில் நாற்பது நாள் போவானா இருக்கும். அவன்கிட்ட 'உனக்கு வேலை இருக்காடா'ன்னு கேட்டா அடிக்க வருவான். ஆனால் சர்க்கார் கணக்கில் அவனுக்கு வேலை உண்டு. வருசத்தின் பெரும்பகுதி வேலையில்லாமல் இருந்தாலும், துணை வேலையாக முப்பது நாள் ஏதாவது செய்திருந்தால் போதும், வேலையில் உள்ளவர் பட்டியலில் சேர்ந்துவிடலாம். நான் சொன்ன 6.1, 3.2 எல்லாம் இந்த முறையில் வந்தவை. 2025 ஏப்ரலிலிருந்து மாதாமாதம் ஒரு எண் விடுகிறார்கள். அது வேறு அளவுகோல். முந்தின ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் வேலையில் இருப்பதாக அர்த்தம். அப்படி இளக்கிக் கட்டியும் முதல் மாதமே 5.1 வந்தது.

சித்தியும் அந்தக் கணக்கில் உண்டு. வீட்டில் நாலு ஆடு வளர்க்கிறார்கள். தழை ஒடிப்பது, பட்டி கூட்டுவது எல்லாம் சித்திதான். கூலி கிடையாது. கேட்டால் 'சும்மா வீட்ல இருக்கறேன் சாமி'ன்னுதான் சொல்லும். அறிக்கையில் அதற்குப் பெயர் வீட்டுத் தொழிலில் உதவியாளர்; சுயதொழில் செய்வோர் பகுதியில் சேர்ப்பார்கள். 2017-18இல் வேலைச் சந்தையில் இருந்த பெண்கள் நூற்றுக்கு 23 பேர். 2023-24இல் 41 பேருக்கு மேல். பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்று தலைப்புச் செய்தி. அதே அறிக்கைகளில் சுயதொழில் செய்வோர் 52.2 சதவீதத்திலிருந்து 58.4க்கு ஏறியிருக்கிறார்கள். விவசாயத்தில் இருப்போர் 44.1லிருந்து 46.1. நாடு வளர்கிறது என்கிற காலத்தில் ஜனங்கள் மண்வெட்டிக்கும் ஆட்டுப்பட்டிக்கும் திரும்பிப் போயிருக்கிறார்கள். அதைத்தான் வேலையின்மை குறைந்தது என்று வாசிக்கிறார்கள்.

அறிக்கையின் பின்பக்க அட்டவணைகளில் பட்டியல் சாதி, பழங்குடி என்று தனித்தனிப் பத்தி இருக்கிறது. மேடையில் எந்தக் கட்சிக்காரரும் அதைப் படிக்க நான் கேட்டதில்லை. படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். வேலையின்மை விகிதம் மிகவும் குறைவாக இருப்பது பழங்குடிகளிடம். அப்படின்னா இதோ, நமக்குத் தெரியற இந்த மலைமேல இருக்கற காடர்களும் மலசர்களும் முதுவர்களும் இந்த நாட்டிலேயே வேலைக்குக் குறைச்சல் இல்லாத பாக்கியசாலிகள்! காடு பறிபோனது, புலிகள் காப்பகம் வந்தது, கிழங்கும் தேனும் எடுக்கப் போனால் ஆயிரம் கேள்வி. ஆனாலும் அவர்களுக்கு வேலையில்லாத் திண்டாட்டம் இல்லையாம்.

எங்க அம்மாயி இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பண்ணையத்துக்கு இருந்தவர். விடியறதுக்கு முன்னாடி சாணி அள்ளப் போனா இருட்டினப்பறம்தான் வளவுக்கு வரும். காய்ச்சல்னாலும் பண்ணாடி வீட்டு ஆள் வாசல்ல வந்து நிப்பான். சாகிற வரைக்கும் ஒரு நாள்கூட வேலையில்லாமல் இருந்ததில்லை. அன்றைக்கு ஒரு புள்ளிவிவரக்காரன் வந்து அம்மாயியைக் கேட்டிருந்தால் வேலையின்மை பூச்சியம் என்று எழுதிக்கொண்டு போயிருப்பான்.

வேலையில்லாமல் இருப்பதற்கு ஒரு வசதி வேண்டும் தோழர்களே. படித்துவிட்டு, தகுதியான வேலை வரட்டும் என்று காத்திருக்க அப்பனுக்குப் பத்து ஏக்கர் தென்னந்தோப்பு வேண்டும். 2017-18இல் 15 வயது முதல் 29 வரை உள்ளவர்களின் வேலையின்மை 17.8 சதவீதம். அந்த இளைஞர்களில் காத்திருக்க முடிந்தவனும் இருக்கிறான், முடியாதவனும் இருக்கிறான். முடியாதவன் மறுநாளே லோடு ஏத்தப் போய், கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறான். நம்மாட்கள் பெரும்பாலும் அப்படி மறைகிறவர்கள்.

இதை ஒருத்தர் 1936லேயே பார்த்துவிட்டார். லாகூர் மாநாட்டில் பேசுவதற்காக எழுதி, கூப்பிட்டவர்களே பயந்து ரத்து செய்த உரையில், பாபாசாகேப் இதை நேராகவே சொல்கிறார். சாதி என்பது வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து அடுக்கி வைக்கிறது. ஒரு தொழில் நசிந்தால் இன்னொரு தொழிலுக்கு மாற சாதி விடுவதில்லை, ஆகவே நாட்டில் பார்க்கிற வேலையின்மையில் பெரும்பங்குக்குச் சாதியே நேரடிக் காரணம். தொண்ணூறு வருசம் ஆகப்போகிறது. ஆட்சி மீது பழி போட்டார்கள், எதிர்க்கட்சி மீது போட்டார்கள், மழை மீதும் கொரோனா மீதும் போட்டார்கள். அவர் காட்டிய குற்றவாளியின் பெயரை மட்டும் எவனும் எடுப்பதில்லை.

2018 ஜனவரியில் பிரதமர் ஒரு பேட்டியில், பக்கோடா விற்று நாளைக்கு 200 ரூபாய் சம்பாதிப்பதும் வேலைதானே என்று கேட்டார். எதிர்க்கட்சிக்காரர்கள் தெருவில் பக்கோடா சுட்டுப் போராட்டம் நடத்தினார்கள். எனக்கு அப்போது தோன்றியது வேறு. பக்கோடாவை யார் சுட்டால் யார் வாங்குவார்கள்?

நான் கவுண்டரில் இருந்தபோது, காலனியிலிருந்து ஒரு அக்கா முத்ரா கடனுக்கு வந்தார். 50,000க்குள் சிசு கடன். தொழில் என்ன என்ற இடத்தில் 'டிபன் கடை' என்று நான்தான் எழுதினேன். மெயின் ரோட்டில் கடை போட்டார். கை மணம் அப்படி இருக்கும். ரெண்டு மாசம் ஓடல. யாரும் வந்து சண்டை போடவில்லை, திட்டவில்லை. வாங்கவில்லை, அவ்வளவுதான். பிறகு காலனிக்குள்ளேயே இட்லி விற்றார். கடன் வாங்குபவனும் கஞ்சிக்கு வழியில்லாதவன், அதுவும் கடனுக்குச் சாப்பிடுகிறவன். தவணை நின்றதும், நோட்டீஸ் கவரில் விலாசம் எழுதியதும் நான்தான். கடன் கொடுத்த கணக்கில் அந்த அக்கா இன்னும் ஒரு 'தொழில்முனைவோர்'. எத்தனை கோடிக் கடன், அத்தனை கோடி வேலை என்று மேடையில் பெருக்கும்போது அந்த டிபன் கடையும் அதில் ஒன்று. என் கையெழுத்தில் இருக்கிறது.

இதைக் கற்பனை என்று நினைப்பவர்கள் 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் நடந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையலுக்கு ஒரு அருந்ததியப் பெண் வந்தார் என்பதற்காக ஊரே திரண்டு அவர் சமைக்கக்கூடாது என்றது. அரசாங்க வேலை, முறையான உத்தரவு. இருந்தும் அடுப்பைத் தொட விடவில்லை. சமையல் வேலை காலியாகத்தான் இருந்தது, ஆளும் தயாராகத்தான் இருந்தார். நடுவில் நின்றது எது?

இதன் மறுபக்கத்தையும் நம்ம ஜில்லாவிலேயே பார்த்தோம். 2019 நவம்பர், கோவை மாநகராட்சி. துப்புரவுப் பணியாளர் இடம் 549. வந்த விண்ணப்பம் சுமார் 7,000. இன்ஜினியர், பட்டதாரி, டிப்ளமோ எல்லாரும் வரிசையில். படித்தவன் துடைப்பம் எடுக்க வந்துவிட்டானே என்று பத்திரிகைகள் கண்ணீர் விட்டன. அந்த வரிசையில் வருசக்கணக்காக ஒப்பந்தத்தில் அதே குப்பையை அள்ளிக்கொண்டிருந்த நம் ஜனங்களும் நின்றார்கள். அவர்களுக்காக யாரும் அழவில்லை. ஆரம்பச் சம்பளம் 15,700, நிரந்தரம் என்றதும் துடைப்பத்துக்குத் தீட்டுக் கழிந்துவிட்டது. ஒப்பந்தக் கூலி என்றால் அது மறுபடி நம்ம சாதித் தொழில். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் கட்டடத்துக்கு முன்னால் துப்புரவுத் தொழிலாளர்கள் பதிமூன்று நாள் உட்கார்ந்ததும், நள்ளிரவில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனதும் இதே விஷயத்துக்காகத்தான். தனியாருக்குக் கொடுத்த பிறகும் அவர்கள் 'வேலையில் உள்ளவர்கள்' தான். விகிதத்தில் ஒரு புள்ளிகூட நகராது.

ஒரு இடதுசாரி நண்பர், நல்ல மனுசன், என்னிடம் சொல்கிறார்: 'வேலையின்மை எல்லாருக்கும் பொதுவான பிரச்சினை, சாதியை உள்ளே கொண்டுவந்து உடைக்காதே.' 2022 குரூப் 4க்கு 7,301 இடத்துக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அது எல்லாருக்கும் பொதுவான பசிதான், மறுக்கவில்லை. ஆனால் பரீட்சையில் தோற்று வீட்டுக்குப் போனதும் ஒருத்தன் தோப்புக்குப் போகிறான், இன்னொருத்தன் அதே தோப்புக்குத் தேங்காய் பொறுக்கப் போகிறான். பொது என்ற சொல் அந்த வாசல் வரைக்கும்தான் கூட வருகிறது.

இன்னொரு பழி இருக்கிறது. இதை நம்ம பசங்களே பேசுவதால் சொல்கிறேன். 'வடக்கன் வந்து வேலையெல்லாம் புடுங்கிட்டான்.' நார் மில்லில் பாருங்கள், தோப்பில் பாருங்கள், அவன்தான். ஆமாம். பிகாரில் 2023இல் சாதிவாரிக் கணக்கெடுத்தார்கள். மாதம் 6,000 ரூபாய்க்குள் பிழைக்கிற குடும்பங்கள் அங்கே பட்டியல் சாதியினரில் நூற்றுக்கு 42க்கும் மேல். அங்கிருந்து ரயிலேறி வருகிறவன் யாரென்று நினைக்கிறீர்கள்? பலரும் நம்மாட்கள்தான். ஷெட்டில் பத்துப் பேராகப் படுத்து, கேட்ட நேரத்துக்கு எழுந்து வேலை செய்கிறான், எங்கம்மாயி செய்த மாதிரி. முதலாளிக்கு அவனைப் பிடித்திருக்கிறதற்கு அதுதான் காரணம். உன் கூலியைக் குறைத்தவன் அவனை மிரட்டியும் குறைத்திருக்கிறான். 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவி அவர்கள் கூட்டங்கூட்டமாக ஊருக்குக் கிளம்பினார்களே, அப்போது நம்மில் சிலர் சந்தோசப்பட்டதை நான் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

என் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இட ஒதுக்கீடு இல்லையென்றால் நான் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். 2017 தொடக்கத்தில் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் 2020 ஏப்ரலில் 12 ஆகின. கிளைகளை இணைத்தார்கள், காவல், துப்புரவு எல்லாம் ஏஜென்சிக்குப் போனது. ஏஜென்சிக்கு இட ஒதுக்கீடு கிடையாது. என் தம்பிமார் யாராவது அந்தக் கவுண்டருக்கு வருவார்களா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

2025 ஏப்ரல் 30இல், அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் கேட்போம் என்று மத்திய அரசு அறிவித்தது. நல்லது. ஆனால் சாதியை ஒரு கட்டத்தில், வேலையை இன்னொரு கட்டத்தில் எழுதி வைத்துவிட்டு இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் விட்டால் என்ன பயன்? யார் எந்த வேலையில், எத்தனை நாள், என்ன கூலிக்கு, மாற நினைத்தபோது யார் மறித்தார்கள் என்று கேட்க வேண்டும். சர்க்கார் கேட்கிற வரைக்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

அதனால் ஒரு கேள்வித்தாள் போட்டிருக்கிறேன். ஒரே பக்கம், பதினோரு கேள்வி. கடைசிக் கேள்வி: 'வேறு தொழில் செய்து பார்த்தீர்களா? ஏன் விட்டீர்கள்?' அதற்கு மட்டும் நிறைய இடம் விட்டிருக்கிறது, சொல்கிறதை முழுசா எழுதுங்கள், சுருக்க வேண்டாம். பெயர் எழுத வேண்டாம். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், வீட்டு ஆம்பளை பக்கத்தில் நின்றால் 'சும்மா இருக்கறேன்'னுதான் பதில் வரும். தாள்கள் பின்வரிசைத் தோழரிடம் இருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இங்கேயே கூடுவோம். பத்து மணிக்குப் போனால் காலனியில் ஆள் இருக்காது, எல்லாம் வேலைக்குப் போயிருப்பார்கள்.