மிதிவண்டியும் ஊராட்சிப் பாதையும்

(காரமடையில் ஊராட்சிப் பெருமக்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் கூட்டங்களில் லாரியும் பேருந்தும் டிராக்டருமே முன்னே வந்து நிற்கின்றன. இன்று நாம் மிதிவண்டியைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம். இது சிறு பிள்ளைகளின் விஷயம் என்று எவரும் எண்ண வேண்டாம். விடியுமுன் பால் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு சங்கத்துக்குப் போகிறவர், கறிவேப்பிலைக் கட்டையும் வாழைத்தாரையும் ஏற்றிச் செல்கிறவர், தோட்ட வேலைக்குச் செல்லும் கூலியாள், மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பெண் குழந்தை ஆகிய இவர்களே இந்த வட்டாரத்தில் மிதிவண்டியை நம்பி வாழ்கிறவர்கள். இவர்களில் ஒருவர் விழுந்து கையை முறித்துக்கொண்டால், அந்தக் குடும்பத்தின் அடுப்பு அன்றே அணைகிறது. ஆகையால் இது நம் வளர்ச்சிப் பணியைச் சேர்ந்த விஷயமே ஆகும்.

எளியவர் வாகனம்

இப்போது நாம் காணும் அமைப்புடைய மிதிவண்டியை இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885-இல் உருவாக்கினார். 1888-இல் டன்லப் காற்றடைத்த ரப்பர் டயரைக் கொண்டுவந்த பின் அதன் ஓட்டம் இலகுவாயிற்று. நம் மாநிலத்தில் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை 1949-இல் நிறுவப்பட்டது. மிதிவண்டிக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்டிய காலத்தையும், விளக்கில்லாமல் போனால் போலீசாருக்குப் பயந்து இறங்கித் தள்ளிய காலத்தையும் இங்குள்ள முதியோர் அறிவார்கள். வாடகை வண்டியை மணிக்கணக்கில் எடுத்து, பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்களும் இந்த அவையில் பலர் இருப்பார்கள்.

மிதிவண்டி ஒரு சமூக மாறுதலையே செய்யக்கூடும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் சான்றாகும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கு எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்து நடத்தியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். வயல் வேலை செய்யும் பெண்களும் கல்குவாரித் தொழிலாளப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே வாங்கினார்கள். குழந்தையை உட்கார வைக்க முன்பாரில் இடமிருந்தது நன்மை என்றும் கண்டார்கள். நம் அரசும் 2001-02 முதல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, 2005-06 முதல் அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிகளின் பிற மாணவ மாணவியருக்கும் அதை விரிவாக்கியது. ஆனால் வண்டியைக் கொடுத்தால் மட்டும் போதுமா? அது பத்திரமாக ஓடுவதற்குரிய பாதையையும் நாம் கொடுக்க வேண்டாமா?

வண்டியின் பராமரிப்பு

முதலில் வண்டியைப் பார்ப்போம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் ஏரில் பூட்டும் விவசாயி இல்லை. ஆனால் மாதக் கணக்கில் எண்ணெய் காணாத சங்கிலியோடு ஓடும் வண்டிகள் எத்தனையோ! வாரம் ஒரு நாள், கால் மணி நேரம் செலவிட்டால் போதும். டயரில் காற்று நிறைந்திருக்கிறதா, பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு ரிம்மில் உரசுகிறதா, சங்கிலி தொய்ந்து தொங்குகிறதா, சக்கரத்தில் கோட்டம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். சங்கிலியின் நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அசையலாம். அதற்கு மேல் தொய்ந்தால் மேட்டில் மிதிக்கும்போது கழன்று ஆளைத் தள்ளிவிடும்.

பெடலைப் பற்றி ஒரு குறிப்பு. வலப்பக்கப் பெடலுக்குச் சாதாரண மரை. இடப்பக்கப் பெடலுக்கோ எதிர்மரை. மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்று விடாதிருக்கவே இந்த ஏற்பாடு. இதை அறியாமல் இடப்பக்கப் பெடலை வழக்கம்போல் திருகி, மரையைக் கெடுத்துக்கொள்பவர் பலர். ஸ்பானரை மேல்நோக்கி நிறுத்தி, வண்டியின் முன்சக்கத்தை நோக்கிச் சாய்த்தால் இரண்டு பெடல்களும் இறுகும். பின்சக்கரத்தை நோக்கிச் சாய்த்தால் இரண்டும் கழலும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். பழைய மாதிரி வண்டிகளில் ஒவ்வொரு மிதிக்கும் 'கடக், கடக்' என்று சத்தம் வந்தால் கோட்டர் பின் தேய்ந்துவிட்டது என்று அறிந்து உடனே மாற்ற வேண்டும். முழுப் பலத்தோடு நின்று மிதிக்கும் சமயத்தில் பெடல் வழுக்கினால் முகம் ஹேண்டில்பாரில் மோதும்.

பாரம் ஏற்றும் முறை

பின் கேரியரில் அளவுக்கு மீறி ஏற்றினால் முன்சக்கரம் இலேசாகி, ஹேண்டில் தன் வசத்தில் நில்லாது. பாரத்தைத் தாழ்வாகவும் இருபுறமும் சமமாகவும் கட்ட வேண்டும். பாதி நிரம்பிய பால் கேன், நிரம்பிய கேனைவிட அதிகமாக ஆட்டும். உள்ளே பால் அலைவதே அதற்குக் காரணம். சோளத்தட்டுக் கட்டை அகலமாகக் கட்டிச் செல்பவர், தம்மைக் கடந்து செல்லும் வண்டியில் தட்டு சிக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது. கயிற்றின் நுனியும், சேலைத் தலைப்பும், வேட்டியின் ஓரமும் சக்கரத்தில் சிக்கிய விபத்துகள் எல்லா ஊரிலும் உண்டு. சங்கிலி மூடியையும் பின்சக்கரத்துச் சேலைத் தடுப்பையும் வேண்டாத சுமை என்று கழற்றி எறிவது தவறு.

இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் வண்டி ஆளைத் தலைக்குப்புறத் தள்ளும். இரண்டையும் சேர்த்து, மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும். மழையில் ரிம் நனைந்திருக்கும்போது பிரேக் உடனே பிடிக்காது. முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பதே வழி. இருப்புப் பாதையைக் கடக்கும்போது தண்டவாளத்துக்கு நேர் குறுக்காகச் செல்ல வேண்டும். சாய்வாகச் சென்றால் சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

பாதையில் உள்ள பகை

இனி, ஊராட்சிப் பெருமக்களின் பொறுப்புக்கு வருகிறோம். நாம் கிராமங்களைச் சுற்றிப் பார்த்த வரையில், விழுந்தவர்களில் பலர் ஓட்டத் தெரியாமல் விழுந்தவர்கள் அல்லர். பாதை அவர்களை விழச் செய்தது.

முதலாவது, தார்ச் சாலையின் ஓரப் பள்ளம். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்கிறது. ஓரத்து மண் மழையில் கரைந்து இறங்குகிறது. பின்னால் லாரி ஒலியெழுப்பியதும் ஓரம் ஒதுங்கும் மிதிவண்டி, அந்த விளிம்பில் நழுவி மீண்டும் சாலைக்கு ஏற முடியாமல் சரிகிறது. ஒரு டிராக்டர் கிராவல் மண் கொட்டிச் சமன்படுத்தினால் தீரும் காரியம் இது.

இரண்டாவது, வேகத்தடை. ஓர் ஊராட்சியில் வீட்டார் தாமாகவே இரவில் சிமெண்டைக் குவித்துத் தடை அமைத்திருந்தார்கள். மறுநாள் விடியற்காலை இருட்டில் வந்த பால்காரர் அதில் மோதி விழுந்து தோள்பட்டை முறிந்ததை நாமே நேரில் சென்று பார்த்தோம். அவருடைய மனைவி மூன்று மாதம் பால் கேனைத் தலையில் சுமந்து நடந்தார். குழந்தைகளைக் காக்க வைத்த தடைதான் அது. எண்ணம் நல்லது, முறை பிழையானது. இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்த முறைப்படி பொதுவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையதாய், வளைவாக ஏறி இறங்க வேண்டும்; கறுப்பு வெள்ளைப் பட்டை தீட்டி, 40 மீட்டர் முன்னதாக எச்சரிக்கைப் பலகையும் நட வேண்டும். எங்கே, எப்படி அமைப்பது என்பதை ஒன்றியப் பொறியாளரைக் கேட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது, கைப்பிடிச் சுவர் இல்லாத சிறு பாலங்கள். திருப்பத்தில் குவித்த ஜல்லி. சாலையின் குறுக்கே கட்டிய மாட்டுக் கயிறு. இட்டேரியில் வெட்டிப் போட்ட சீமைக் கருவேல முள். முள்ளை வெட்டியவர் அள்ளிச் செல்லாவிட்டால், பஞ்சர் ஒட்டும் கூலி பிறர் தலையில் விழுகிறது.

நான்காவது, இருள். ஒரு தெருவிளக்கு எரியாதது சிறு குறையன்று. வெள்ளியங்காடு, தோலம்பாளையம், நெல்லித்துறை, ஓடந்துறை போன்ற மலையடிவாரப் பகுதிகளில் யானை நடமாட்டம் உண்டு என்பதை நாம் அறிவோம். அங்கே நன்றாக விடியுமுன் தனியே மிதிவண்டியில் செல்வதைத் தவிர்ப்பதே அறிவுடைமை. பால் சேகரிக்கும் நேரத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளச் சங்கத்தாரோடு பேசலாம். மற்ற இடங்களில் செல்வோரும் முன்னால் விளக்கும், பின்னால் சிவப்பு ஒளிதிருப்பியும், பெடல்களில் மஞ்சள் ஒளிதிருப்பியும் பொருத்திக்கொள்ள வேண்டும். மேலும் கீழும் அசையும் பெடல் ஒளியைக் கண்டதும், முன்னே போவது மிதிவண்டி என்று பின்னால் வரும் ஓட்டுநர் அறிந்துகொள்வார்.

விழுந்தவருக்கு உதவி

விபத்தைக் கண்டால் வழக்குக்கு அஞ்சி விலகிப் போகாதீர்கள். நல்லெண்ணத்தோடு உதவியவரை வழக்கில் இழுக்கலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பு அளிக்கிறது. 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சிராய்ப்பைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். சாம்பலும் காப்பித் தூளும் அப்பலாகாது. தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, பேச்சுக் குழறினாலோ, தூங்கட்டும் என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நாம் செய்யத்தக்கது

நெதர்லாந்து நாட்டில் 1971-இல் மட்டும் ஏறத்தாழ 3,300 பேர் சாலையில் மாண்டனர்; அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் வீதிக்கு வந்து கேட்டார்கள். அதன் பின்னரே அந்நாடு மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகளைப் பெருமளவில் அமைத்தது. நம் ஊருக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே கூடாமல் இருக்கலாம். ஆனால் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த சபைக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், பால்காரர் ஒருவரையும் பள்ளி மாணவி ஒருத்தியையும் உடன் அழைத்துக்கொண்டு, உங்கள் ஊர்ப் பாதை முழுவதையும் மிதிவண்டியிலேயே சுற்றி வாருங்கள். எரியாத விளக்கு, ஓரப் பள்ளம், பட்டை தீட்டாத தடை, சுவரில்லாப் பாலம் ஆகியவற்றைக் கம்ப எண், இட அடையாளத்தோடு குறித்துத் தீர்மானமாக வையுங்கள். ஊராட்சி தானே செய்யக்கூடியதை அந்த மாதமே முடியுங்கள். ஒன்றியத்துக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் உரியதைத் தனித்தனிப் பட்டியலாக எங்களிடம் கொடுங்கள். அதை எடுத்துச் சென்று கேட்பது எங்கள் கடமை.

காரில் போகிறவர் கண்ணுக்குப் பள்ளம் தெரியாது. மிதிவண்டியில் போகிறவருக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். அவரைக் கேட்டுப் போடும் சாலையே எல்லோருக்கும் நல்ல சாலையாக அமையும் என்று கூறி, எம் உரையை முடித்துக்கொள்கிறோம்.