தாய்க்கும் காவல் வேண்டும்

(மாதர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



அன்னை மரியாள் பிள்ளை பெற்று நாற்பதாம் நாள் தேவாலயத்துக்குப் போனதை பிப்ரவரி 2-ஆம் தேதி திருநாளாகக் கொண்டாடுகிறோம். பெற்றவளுக்கு 42 நாள் காவல் வேண்டும் என்கிறது இன்றைய மருத்துவம். ஏறக்குறைய ஒரே கணக்குத்தான்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஏரிக்கு அக்கரையில் ஒரு குப்பத்தில், பிறந்து ஆறு நாளான குழந்தையை மந்திரிக்க அழைத்தார்கள். மந்திரித்தேன். மூலையில் போர்த்திப் படுத்திருந்த தாயை "சுகமா அம்மா?" என்று கேட்கவில்லை. மறுநாள் இரவு குளிர்காய்ச்சலோடு அவளைப் படகில் ஏற்றினார்கள். பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். அவள் மாமியார் பிறகு சொன்னார்: "மூணு நாளா காய்ச்சல் சாமி. பால் கட்டுன காய்ச்சல்னு இருந்துட்டோம்."

2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 100-க்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில்தான் நடக்கின்றன. பிள்ளை பெறப் போகிறவர்கள் பிறகு போகத் தயங்குவது ஏன்?

தலைப்பிரசவம் தாய்வீட்டில். பெயரோ புகுந்த ஊர் நர்சம்மாவின் பதிவேட்டில். இரு ஊருக்கும் நடுவே அவள் தவறிவிடுகிறாள். அடுத்தது ஏரி. படகு வேண்டும், துணை வேண்டும். பாடு முறை உள்ள குப்பங்களில், தனக்குப் பாடு விழுந்த நாளை விட்டுவர எவனுக்கும் மனம் வராது. மூன்றாவது, "பச்சை உடம்பு, காற்றுப் படக்கூடாது" என்னும் பெரியவர்கள் சொல். நான்காவது, ஆஸ்பத்திரியில் ஒருமுறை கடிந்து பேசினால் மறுமுறை கால் எழாது.

பெரியவர்களின் வழக்கமெல்லாம் தவறல்ல. ஓய்வு நல்லது, பால்சுறாப் புட்டு நல்லது. தாகத்துக்குத் தண்ணீர் மறுப்பதும், காய்ச்சலை மறைப்பதும்தான் ஆகாது.

2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது இது: பிள்ளை பிறந்த முதல் 24 மணி நேரத்தில் ஒருமுறையும், பின்பு மூன்றாம் நாளுக்குள், 7-லிருந்து 14 நாளுக்குள், ஆறாம் வாரத்தில் என மூன்று முறையும் தாயையும் சேயையும் பார்க்க வேண்டும். அதிக உதிரப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றம், கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு இருந்தால் காத்திராதீர்கள். குழந்தை பால் குடிக்காவிட்டாலும், உடல் சில்லிட்டாலும், மூச்சு வாங்கினாலும் அப்படியே. கரை சேருமுன்னே 108-க்குச் சொல்லிவிடுங்கள்.

மாமியார்களே, அவளை அனுப்பும் அதிகாரம் உங்கள் கையில். ஆண்களிடம் போய்ச் சொல்லுங்கள்: வலைக்காரர் ஒருவருக்கொருவர் பாடு நாளை மாற்றிக் கொடுப்பதும் தர்மமே. தாய்வீட்டுக்குப் பெண் வந்தால் அன்றே அந்த ஊர் நர்சம்மாவிடம் சொல்லுங்கள். அன்பியத்துக்கு இரண்டு பெண்கள் துணைபோக முன்வாருங்கள்.

நானும் ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்த வீட்டில் குழந்தையை மந்திரிக்க அழைத்தாலும், முதலில் தாயைத்தான் விசாரிப்பேன். நான் மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள்.

அன்னை மரியாள் நம் தாய்மாரைக் காப்பாராக.