குழந்தையின் நாவும் கையும்



ஐந்து அகவைக் குழந்தை 247 எழுத்துகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது, பெற்றோர் பூரிக்கின்றனர். அக்குழந்தையிடமே 'கல்' என்னும் சொல்லை எழுதிக் காட்டுங்கள், திகைத்து நிற்கும். கானா, இல்லன்னா என்று எழுத்தின் பெயரை அறிந்ததேயன்றி ஒலியை அறிந்திலது. கானாவும் இல்லன்னாவும் சேர்ந்தால் எங்ஙனம் 'கல்' ஆகும்? பெயர், எழுத்தைச் சுட்டுவதற்கு. படிப்பதற்கு வேண்டுவது ஒலி.

எழுத்தட்டைகளின் கேடு வேறு. ஆங்கில அட்டைகளைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்துக்கும் அவ்வெழுத்தில் தொடங்கும் சொல்லையும் படத்தையும் தேடுகின்றனர். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டும் தமிழில் சொல்லுக்கு முதலாகா. ஆகவே டப்பா, ரயில், லட்டு என அயற்சொற்கள் வந்து குந்துகின்றன. ழகரத்திற்கோ அவையும் அகப்படா! கடல், மணல், மரம், பழம், பறவை என எழுத்து தான் வாழும் இடத்திலேயே அதைக் காட்டினால் என்ன குறை?

ந, ண, ன மூன்றிலும் பிள்ளைகள் தடுமாறுவது யாவரும் அறிந்ததே. 'மூன்று சுழி', 'இரண்டு சுழி' என்று சொல்லிக்கொடுப்பது கைக்கு உதவும், நாவுக்கு உதவாது. முன்னோர் வைத்த பெயர்களைப் பாருங்கள்: தந்நகரம், டண்ணகரம், றன்னகரம். ஒவ்வொன்றும் தன் இனவெழுத்தோடு வழங்கும் பெயர். 'பந்து' என்று குழந்தை மெல்லச் சொல்லட்டும். நா பல்லைத் தொடும். 'வண்டு' என்னும்போது நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடும். 'கன்று' என்னும்போது அவ்விரண்டுக்கும் இடையே ஒற்றும். தன் வாயிலேயே வேறுபாட்டை உணர்ந்த பிள்ளை அதை எளிதில் மறவாது. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகள் பிறக்கும் இடங்களை வகுத்தது புலவர்க்கு மட்டுமா?

இனி, எழுதுதல். நெடுங்கணக்கின் அடைவு இலக்கணத்திற்கு உரியது. பிஞ்சு விரலுக்கு அன்று. அகரத்தின் சுழியும் வளைவும் நான்கு அகவைக் கைக்கு அரியன. டகரமோ கீழே ஒரு கோடு, வலப்புறம் ஒரு கோடு. அதனையே மேலே தூக்கினால் பகரம். பகரத்தின் முடிவை உள்ளே வளைத்தால் மகரம். இம்மூன்றோடு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம் எழுதிவிடலாம். முதலில் மணலில் விரலால், பின்னர்ப் பலகையில். அகரத்தை வாய் முதலில் சொல்லட்டும். கை சற்றுப் பின்னே வரட்டும்.

உயிர்மெய்யில் ஆகாரக் கால் எளிது, அதனின்று தொடங்குக. 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா என்பவையும் அவ்வொழுங்கிற்கு வந்துவிட்டன. கு, சு, து, மு என உகரம் மெய்க்கு மெய் உருமாறுவதால் அதனைக் கடைசிக்குத் தள்ளுக. 'கெ' என்பதில் கொம்பு முன்னே நின்றாலும் எகரம் பின்னே ஒலிக்கிறது. ஆதலின் கொம்பையும் ககரத்தையும் பிரித்துச் சொல்லாமல், ஒரே எழுத்தாக ஒலித்துக்கொண்டே எழுதச் செய்க.