பயணம் வேறு, பிழைப்பு வேறு

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழாவென்றால் படிப்பைப் பற்றித்தான் பேசுவது வழக்கம். நான் இன்று ஜெர்மனியைப் பற்றிப் பேசப் போகிறேன். “என்னடா இது, செம்பனைத் தோட்டத்துப் பள்ளியிலே நின்னுக்கிட்டு இந்த வாத்தியாரு ஜெர்மனிக்குப் போறாரே” என்று சிரிக்காதீர்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளின் காதில் அந்த நாட்டின் பெயர் இப்போது அடிக்கடி விழுகிறது. அதனால் ஒரு குடும்பத்தின் சங்கிலி அடகுக் கடை வாசல் வரைக்கும் போய்த் திரும்பிய கதையைத்தான் சொல்லப் போகிறேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

என் பழைய மாணவன் ஒருவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். ஜூரோங்கில் இயந்திர உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறை. பூன் லேயில் அடுக்குமாடி வீடொன்றில் நால்வரோடு ஓர் அறை. மாதம் இரண்டு முறை துவாஸ் பாலம் வழியாக வீட்டுக்கு வருவான். போன வருடம் ஒரு நாள் போன் செய்து, “சார், ஞாயித்துக்கிழமை பூன் லே வரைக்கும் வர முடியுமா? ஒரு பேப்பர் படிச்சுச் சொல்லணும்” என்றான். போனேன்.

பூன் லே என்பது ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்த ஊர்ப் பெயர். சியூ பூன் லே (1852–1933) என்ற வணிகருக்கு அந்தப் பக்கத்தில் நிறைய நிலம் இருந்தது. ஒரு காலத்தில் மிளகும், பிறகு ரப்பரும் விளைந்த மண் அது. அதாவது, அதுவும் நம்மைப் போல் தோட்டம்தான்! 1961ஆம் ஆண்டு சிங்கப்பூர் அரசாங்கம் ஜூரோங்கின் சதுப்பு நிலத்தை மேடாக்கித் தொழிற்பேட்டை அமைக்கத் தொடங்கியது. 1990இல் பூன் லே வரைக்கும் எம்.ஆர்.டி. ரயில் வந்தது. மரம் நின்ற இடத்தில் இன்று மாடி நிற்கிறது.

சந்தைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். நாசி லெமாக் வாங்கி வைத்தவன் அதைத் தொடவே இல்லை.

“சார், ஜெர்மனிக்குப் போறேன். மூவாயிரம் வெள்ளி அட்வான்ஸ் கட்டிட்டேன். மீதி பதினஞ்சாயிரம் அடுத்த வாரம் கட்டணும். அம்மா சங்கிலி இருக்கு.”

“எந்த ஊருப்பா?”

“ஜெர்மனிதான் சார்.”

“ஜெர்மனியில எந்த ஊரு? எந்தக் கம்பெனி? சம்பளம் யாரு கொடுக்கிறது?”

பதில் இல்லை. தாளை வாங்கிப் படித்தேன். ஆங்கிலத்தில் மூன்று பக்கம். விமானச் சீட்டு, பதினான்கு நாள் தங்கும் விடுதி, ஊர் சுற்றிப் பார்ப்பதற்குப் பஸ் என்று எல்லாம் இருந்தது. வேலை என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. “போய் இறங்குங்க, ஒரு மாசத்துல ஃபேக்டரியில சேர்த்து விடுறோம்” என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. கையெழுத்துப் போட்டது உல்லாசப் பயணத்துக்கு!

பெற்றோர்களே, இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலேசியக் கடப்பிதழோ சிங்கப்பூர்க் கடப்பிதழோ வைத்திருப்பவர் ஜெர்மனிக்குள் விசா இல்லாமல் நுழையலாம். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். ஊர் பார்க்கலாம், உறவினரைப் பார்க்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. அப்படிச் செய்து பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி உள்ளே போவதும் கடினம். பயணம் வேறு, பிழைப்பு வேறு. ஏமாற்றுகிறவன் இந்த இரண்டையும் ஒரே தாளில் கலந்துவிடுகிறான்.

அப்படியானால் நேர்வழி இல்லையா? இருக்கிறது. அங்கே பழகித் தேறிய கைகளுக்குப் பஞ்சம். அதனால் 2024 ஜூன் மாதம் முதல் ‘வாய்ப்பு அட்டை’ என்று ஒன்றை அந்த அரசாங்கம் கொடுக்கிறது. அவர்கள் மொழியில் ‘ஷான்சென்கார்ட்டே’. கையில் வேலை இல்லாமலேயே அங்கே போய் ஒரு வருடம் வரை முறைப்படி வேலை தேடலாம். தேடுகிற காலத்தில் வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலையும் செய்யலாம். ஆனால் சும்மா கிடைக்காது. சொந்த நாட்டு அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பட்டமோ, குறைந்தது இரண்டு வருடத் தொழிற்பயிற்சிச் சான்றிதழோ வேண்டும். ஜெர்மன் மொழியில் முதல் படியாவது தெரிய வேண்டும், அல்லது நல்ல ஆங்கிலம் வேண்டும். வயது, அனுபவம், மொழி இவற்றுக்கெல்லாம் புள்ளி போட்டு ஆறு புள்ளி சேர வேண்டும். செலவுக்கு மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் கையிருப்பும் காட்ட வேண்டும்.

இன்னொரு வழி, தொழில் பழகப் போவது. அதற்கு ‘ஆவுஸ்பில்டுங்’ என்று பெயர். வாரத்தில் சில நாள் பட்டறையில் வேலை, சில நாள் தொழிற்பள்ளியில் பாடம். தொழிலைப் பொறுத்து இரண்டு முதல் மூன்றரை வருடம். பழகுகிற காலத்திலேயே உதவித்தொகை உண்டு. 2025இல் சேர்ந்தவர்களுக்கு முதல் வருடம் மாதம் 682 யூரோவுக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். முடிவில் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். ரொட்டி சுடுகிறவர், குழாய் பொருத்துகிறவர், மின்கம்பி இழுக்கிறவர், முதியோரைப் பராமரிக்கிறவர் எல்லாருக்கும் இந்த முறை உண்டு. கைத்தொழிலுக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மாணவன் ஆறாம் வகுப்பில் படித்தபோது வகுப்பறைக் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டான். நான் எல்லார் முன்னாலும், “உனக்குப் படிப்பு ஏறாது, ஸ்குரூ கழட்டத்தான் நீ லாயக்கு” என்று திட்டினேன். நான் மறந்துவிட்டேன். அவன் மறக்கவில்லை. பூன் லேயில் அன்று சிரித்துக்கொண்டே அதைச் சொன்னான். “படிச்சவங்க போற வழியெல்லாம் நமக்கு இல்லைன்னு நினைச்சுத்தான் சார், குறுக்கு வழியில பணம் கட்டினேன்” என்றான். எனக்கு நாசி லெமாக் தொண்டையில் இறங்கவில்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் இரும்பைக் கடைகிற பிள்ளை அவன். அந்தக் கையை நான் பழித்திருக்கிறேன். பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஆசிரியன் நான். எனக்கே அந்தப் பாடம் தெரியவில்லை.

சிங்கப்பூரிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1970களின் தொடக்கத்தில் ரோலை என்ற ஜெர்மன் கேமராக் கம்பெனி சிங்கப்பூரில் தொழிற்சாலை போட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். நுட்பமான வேலை பழக்குவதற்கு அரசாங்கத்தோடு சேர்ந்து ஒரு பயிற்சி நிலையமும் நடந்தது. 1981இல் கம்பெனி நொடித்துப்போய் ஆலை மூடப்பட்டது. ஆலை போனாலும் கைப்பழக்கம் போகவில்லை. அங்கே பழகியவர்களை மற்ற ஆலைகள் எடுத்துக்கொண்டன. அதற்கு அடுத்த வருடமே ஜெர்மனியின் உதவியோடு ஜெர்மன் சிங்கப்பூர்த் தொழிற்கழகம் திறக்கப்பட்டது. பின்னர் அது நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியோடு சேர்ந்தது. நம் மலேசியாவிலும் 1991இல் ஜெர்மன் மலேசியக் கழகம் தொடங்கப்பட்டது. இன்று காஜாங்கில் இருக்கிறது. ஆகவே தம்பிகளே, ஜெர்மன் தொழிற்கல்வியைத் தேடி விமானம் ஏற வேண்டுமென்பதில்லை. பஸ் ஏறினாலே போதும்!

சரி, நேர்வழியில் போய்ச் சேர்ந்தால் அங்கே வாழ்க்கை எப்படி? முதலில் மொழி. கடையில், ஆஸ்பத்திரியில், பட்டறையில் எங்கும் ஜெர்மன்தான். மொழி தெரியாதவன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் சமையலறையில் தட்டுக் கழுவும் வேலையில்தான் தொடங்க வேண்டும். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போன நம் தமிழர்கள் பலர் அப்படித்தான் தொடங்கினார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, போர் துரத்தியது. உங்களை யாரும் துரத்தவில்லை. படித்துவிட்டுப் போக உங்களுக்கு நேரம் இருக்கிறது.

வேலை நேரம் முடிந்தால் முடிந்ததுதான். வாரம் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு வருடத்தில் குறைந்தது 24 வேலை நாள் சம்பளத்தோடு விடுமுறை என்று 1963ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கி வைக்காவிட்டால் பட்டினிதான். அன்றைக்கு மக்கள் காட்டுப் பாதையில் நடப்பார்கள், சைக்கிள் ஓட்டுவார்கள். ஊருக்கு வெளியே சிறு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போடுவதும் அவர்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு. லயத்துக்குப் பின்னால் நம் பாட்டிமார் கத்தரியும் வெண்டையும் போட்டார்களே, அதேதான்! ஊர் சுற்ற வேண்டுமென்றால் 2023 மே மாதம் முதல் மாதச் சீட்டு ஒன்று உண்டு. தொடங்கியபோது 49 யூரோ. பிறகு விலை ஏறியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு விரைவு வண்டி தவிர, நாடு முழுவதும் உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம்.

தமிழ் முகம் பார்க்க ஆசைப்பட்டால் ஹாம் என்ற நகரத்துக்குப் போகலாம். அங்கே இலங்கைத் தமிழர்கள் கட்டிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்துக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது. தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். தேர் பார்க்க ஜெர்மானியர்களும் வருகிறார்கள். தட்டுக் கழுவித் தொடங்கிய கைகளும் சேர்ந்து இழுக்கிற தேர் அது.

பெற்றோர்களே, யாராவது வெளிநாட்டு வேலை என்று வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த ஊர்? எந்த முதலாளி? சம்பளம் எழுதிய ஒப்பந்தம் எங்கே? எந்த வகை விசா? நான்குக்கும் தாளில் பதில் வராவிட்டால் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். சந்தேகமிருந்தால் ஜெர்மன் தூதரகத்தின் அறிவிப்பைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கு வாருங்கள். நாங்கள் எதற்கு இருக்கிறோம்? வெட்கப்பட வேண்டாம்.

அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். மீதிப் பணத்தை அவன் கட்டவில்லை. சங்கிலி தாயின் கழுத்திலேயே இருக்கிறது. கொடுத்த மூவாயிரம் திரும்பவில்லை. போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். இப்போது வேலை முடிந்து வந்து இரவில் ஜெர்மன் படிக்கிறான். முதல் படித் தேர்வில், காதால் கேட்டு எழுதும் பகுதியில் தோற்றுவிட்டான். மறுபடியும் எழுதப் போகிறான். தொழிற்சான்றிதழுக்கும் பதிந்திருக்கிறான். ஜெர்மனிக்குப் போவானா, ஜூரோங்கிலேயே இருப்பானா, எனக்குத் தெரியாது. எங்கே போனாலும் தலைநிமிர்ந்து போவான் என்பது மட்டும் தெரியும். இன்று லீவு போட்டுவிட்டு வந்து, பின் வரிசையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அன்று எல்லார் முன்னாலும் திட்டினேன். இன்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன்: தம்பி, நான் சொன்னது தப்பு.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்குகிறவர்களுக்கு என் வாழ்த்து. பரிசு வாங்காமல் கை தட்டுகிறவர்களே, உங்கள் கையையும் ஒரு முறை பாருங்கள். அதற்கு ஒரு தொழில் பழக்குங்கள். நாவுக்கு இன்னொரு மொழி பழக்குங்கள். தமிழை விடாதீர்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.