படத்தை எங்கே வைப்பது?



பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் எஸ்கியூலைட்டும் நடத்துகிறோம். பெயரும் மதிப்பெண்ணும் அட்டவணையில் ஏறியதும் மாணவர்கள் கேட்பார்கள்: "ஐயா, ஃபோட்டோவையும் இதிலேயே சேர்க்கலாமா?" இந்தக் கேள்வியை நான் தள்ளிப்போடுவதில்லை. படமும் பைட்டுகளின் வரிசைதான் என்று புரியவைக்க நல்ல தருணம் அது.

செய்முறை எளிது. அட்டவணையில் 'பிளாப்' வகையில் ஒரு புலம் வேண்டும். படக்கோப்பை உரையாக அல்லாமல் இரும முறையில், அதாவது 'ஆர்பி' என்று குறிப்பிட்டுத் திறந்து படிக்க வேண்டும். இன்சர்ட் கட்டளையில் மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி இட்டு, பைட்டுகளைத் தனியே கொடுக்க வேண்டும். கட்டளைக்குள்ளேயே ஒட்டவைத்தால் மேற்கோள்குறி போன்ற ஒரு பைட்டே கட்டளையைக் குலைத்துவிடும். இறுதியில் கமிட். மீட்கும்போது 'டபிள்யூபி' முறையில் எழுதினால் படம் திரும்பக் கிடைக்கும்.

அளவைக் கவனிக்கச் சொல்லுங்கள். மைஎஸ்கியூஎல்லில் பிளாப் புலம் கொள்வது 65,535 பைட்டுகள்தான். கண்டிப்பு முறை இயங்காவிட்டால் மீதி வெட்டப்பட்டு, முகத்தின் பாதிதான் தெரியும். பெரிய படத்துக்கு 'மீடியம்பிளாப்' வேண்டும்.

கணக்கும் போடச் சொல்லலாம். 600 மாணவர்கள், படம் 30 கிலோபைட் என்றால் மொத்தம் 18 மெகாபைட். கைப்பேசியில் எடுத்த 4 மெகாபைட் படத்தை அப்படியே ஏற்றினால் 2,400 மெகாபைட்! சிறிய படங்களை உள்ளே வைக்கலாம். பெரியவற்றைக் கோப்புறையில் வைத்து, பாதையை மட்டும் அட்டவணையில் எழுதலாம். ஆனால் கோப்புறையை விட்டுவிட்டுத் தரவுத்தளத்தை மட்டும் வேறு கணினிக்கு நகலெடுத்தால் பாதை இருக்கும், படம் இருக்காது.

இன்னொன்றையும் வகுப்பில் பேசுங்கள். எஸ்கியூலைட் தரவுத்தளம் ஒரே கோப்பு. பென்டிரைவில் அதை எடுத்துச் செல்பவர் அத்தனை பிள்ளைகளின் முகங்களையும் எடுத்துச் செல்கிறார். வரிசையை நீக்கினாலும் பழைய பைட்டுகள் கோப்புக்குள் தங்கியிருக்கக்கூடும். 'வேக்கம்' கட்டளையையும் இயக்க வேண்டும். ஆகவே பயிற்சிக்குப் பூ, இலை, பள்ளி மரம் ஆகியவற்றின் படங்களே போதும். பிள்ளைகளின் முகம் வேண்டாம்.

நிரல் எழுதத் தெரிந்த மாணவர், எதைச் சேமிக்கக் கூடாது என்பதையும் நம்மிடமே கற்கட்டும்.